கடல் கடந்த தொண்டு

‘தன்னார்வத் தொண்டர்’ என்பது நம் மொழிக்கு அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த சொற்றொடர். ஆயினும் அதன் உறுப்புச் சொற்கள் இரண்டும் பழையன. பழந்தமிழில் ‘தொண்டு’ என்னும் சொல் ஒன்பது என்ற எண்ணையும் குறித்தது. பிறர்க்கு அடங்கிச் செய்யும் பணியையும் குறித்தது. எண்ணுப்பெயர் வழக்கொழிந்து போயிற்று. பணிப்பெயர் நிலைத்து நின்றது. ‘ஆர்வம்’ என்பதோ அன்பின் வயிற்றில் பிறப்பது என்பது வள்ளுவர் கண்ட முறை. ஆகவே ஏவுவார் இன்றி, கூலி நோக்காது, அன்பு உந்தப் பிறர்க்கு அடங்கிப் பணி செய்பவரே தன்னார்வத் தொண்டர் என்று நாம் பொருள் கொள்ளலாம்.

‘அடங்கி’ என்ற சொல்லை அன்பர்கள் சற்றே ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். பணி செய்வோர் பலர். அடங்கிப் பணி செய்வோர் சிலர். சொந்த ஊரிலேயே அது அரிதாயின், மொழியும் உணவும் வழக்கமும் வேறான அயல்நாட்டிற்குச் சென்று அவ்வாறு பணி செய்வது எத்துணை அரிது! அத்தகையோரின் நாள் எப்படி விடிகிறது, எப்படி முடிகிறது, அவர் போன பின் அவ்விடத்தில் எஞ்சுவது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குக் கண்டி மாநகரையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் விடச் சிறந்த களம் எனக்குத் தெரியவில்லை.

வந்தவர் பலர்

கண்டியின் கடைசி மன்னன் அமைத்த ஏரியின் கரையில் மாலை வேளையில் நடப்பவர் பல தேசத்து முகங்களைக் காணலாம். இன்று வருவோர் பெரும்பாலும் காட்சி காண வருவோர். ஒரு காலத்தில் ஆட்சி செய்ய வந்தனர். பின்னர்க் கோப்பியும் தேயிலையும் பயிரிட்டுப் பொருள் ஈட்ட வந்தனர். அவர்களுக்காக உழைக்கத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து நம்மவர் ஆயிரமாயிரமாய்க் கால்நடையாகக் கொண்டுவரப்பட்டனர். இத்தனை பேருக்கும் இடையே தமக்கென ஒன்றும் வேண்டாது வந்தவரும் சிலர் உளர்.

வில்லியம் ஓக்லி என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1835ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கண்டியிலே கழித்தார். 1886ஆம் ஆண்டு நுவரெலியாவில் காலமாகும் வரை, ஐம்பத்தொரு ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் தாய்நாடு திரும்பவில்லை. அவர் பரப்ப வந்த சமயம் எனது சமயமன்று. ஆயினும், ‘இரண்டு ஆண்டு போதும், திரும்பி விடலாம்’ என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு பணி செய்வோர்க்கும், வந்த மண்ணிலேயே எலும்பைப் போடத் துணிந்தோர்க்கும் உள்ள வேற்றுமையை உணர அவர் வரலாறு ஒன்றே போதும்.

1904ஆம் ஆண்டு கண்டித் திரித்துவக் கல்லூரிக்கு அதிபராக வந்தவர் அலெக்சாந்தர் கார்டன் பிரேசர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். அதற்குமுன் உகாண்டாவில் பணி செய்தவர். அவர் வந்தபோது அக்கல்லூரியில் கண்டிச் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஆங்கிலத்தை மட்டும் கற்றுத் தம் தாய்மொழியில் ஒரு கடிதமும் எழுதமாட்டாத நிலையில் இருந்தனர். ஆங்கிலம் அறிந்தால் உத்தியோகம்; உத்தியோகம் கிடைத்தால் வாழ்வு என்பதே பெற்றோர் கருத்து. அதை எதிர்த்து, சிங்களமும் தமிழும் பாடத்திட்டத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று நிலைநாட்டியவர் இந்த அயல்நாட்டவர்! தாய்மொழி அறியாதவன் தன் மக்களுக்குத் தலைவனாகவோ ஊழியனாகவோ ஆகமாட்டான் என்பது அவர் கொள்கை.

அவர் காலத்திலேயே மாணவர்கள் நகரத்து ஏழை மக்களின் குடியிருப்புகளுக்குச் சென்று, அவர்கள் வாழ்க்கை நிலையை நேரிற்கண்டு, சமூகப் பணி செய்யும் வழக்கமும் வளர்ந்தது. உடன் வந்த ஆசிரியர்களும் சாமானியர் அல்லர். உப அதிபராயிருந்த வால்ற்றர் ஸ்ரான்லி சீனியர் என்னும் கவிஞர் இலங்கை மண்ணின்மேல் கொண்ட காதல் எத்தகையதெனில், 1938ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அவர் இறந்த பின், அவருடைய சாம்பல் கடல் கடந்து வந்து அப்புத்தளையில் அடக்கம் பெற்றது. காஸ்ரர் என்னும் மற்றோர் ஆசிரியர் கல்லூரி ஆலயத்தை வரைந்தபோது, தம் நாட்டுக் கோபுரத்தை இங்கே நட எண்ணவில்லை; செதுக்கிய கற்றூண்களைக் கொண்ட கண்டியச் சிற்ப மரபையே கைக்கொண்டார். கொண்டு வந்ததைத் திணிப்பதினும் இங்கே இருப்பதைக் கண்டு போற்றுவதே மேல் என்னும் எண்ணம் அக்கற்றூண்களில் இன்றும் நிற்கிறது. பிரேசர் 1924ஆம் ஆண்டு விடைபெற்று, ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ற்றில், அதாவது இன்றைய கானாவில், அச்சிமோட்டாக் கல்லூரியின் முதல் அதிபராகச் சென்றார்.

நம்மவர் இருவர்

கடல் கடந்த தொண்டு வெள்ளையர்க்கே உரியது என்று எவரும் எண்ணிவிடலாகாது. தஞ்சைத் தரணியிலிருந்து வந்து இம்மலைநாட்டிற்கே தம்மை ஒப்புக்கொடுத்த ஒரு தம்பதியரை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாளுமே அவர்கள்.

ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் விளங்கிய நடேசய்யர் 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இலங்கையில் நிலைத்தார். அக்காலத் தோட்டம் ஒவ்வொன்றும் ஒரு தனி அரசு. துரையின் அனுமதியின்றி அயலான் உள்ளே அடிவைத்தல் அத்துமீறலாகும். தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பிய நடேசய்யர், துணி விற்கும் வணிகராக வேடம் பூண்டு, மூட்டை சுமந்து லயங்களுக்குள் நுழைந்தார் என்று மலைநாட்டு வரலாறு எழுதியோர் கூறுவர். ஒரு கெஜம் சீத்தையை அளந்து கொடுக்கும் நேரத்திற்குள் ஒரு குடும்பத்தின் கடனையும் கண்ணீரையும் கேட்டறிந்து திரும்புவது எளிய தொண்டன்று. கண்டதைத் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளில் எழுதினார். 1931ஆம் ஆண்டு இந்தியத் தோட்டத் தொழிலாளர்க்கென ஒரு சம்மேளனத்தை நிறுவி அட்டனைத் தம் பணிக்களமாக்கினார். 1936 முதல் அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் உறுப்பினராக வாதாடினார். 1947ஆம் ஆண்டு நவம்பரில் காலமானார். இலங்கையின் குடியுரிமைச் சட்டம் 1948இல் வந்து இலட்சக்கணக்கான மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கிய கொடுமையைக் காணும் முன்பே அவர் கண்கள் மூடிவிட்டன.

மீனாட்சியம்மாளின் தொண்டு வேறு வகையினது. எழுத்தறியாத மக்களுக்குப் பத்திரிகையால் யாது பயன்? ஆதலின் அவ்வம்மையார் பாட்டையே பத்திரிகையாக்கினார். கூட்டங்களில் பாரதியார் பாடல்களையும் தாமே கட்டிய பாடல்களையும் பாடினார். சிறு நூல்களாக அச்சிட்டும் பரப்பினார். நாட்டுப்புற மெட்டில் அமைந்த அப்பாட்டுகள் கொழுந்துக் கூடையோடு மலையேறின; துரையின் அனுமதிச் சீட்டு அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

இவ்விருவரிடமும் ஓக்லி, பிரேசர் முதலியோரிடமும் பொதுவாகக் காணப்படுவது யாது? நீண்டகாலம் தங்குதல் ஒன்று; அம்மக்களின் மொழியை மதித்தல் மற்றொன்று. சமயத்தாலும் அரசியலாலும் வேறுபட்டு நின்றவர்கள் இவ்விரண்டில் ஒன்றுபட்டனர்.

ஒரு நாளின் நடை

இனி இக்காலத்திற்கு வருவோம். 1958ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அலெக் டிக்சனும் அவர் துணைவியாரும் இளைஞர்களைத் தொண்டுக்காக அயல்நாடுகளுக்கு அனுப்பும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். அதே ஆண்டில், இலங்கையில் ஏ. ரி. ஆரியரத்தின என்னும் இளம் ஆசிரியர் தம் கொழும்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒரு பின்தங்கிய சிற்றூருக்குச் சென்று முதற் சிரமதான முகாமை நடத்தினார். அதுவே சர்வோதய இயக்கமாக விரிந்தது. 1961இல் அமெரிக்காவில் சமாதானப் படை பிறந்து, மறுஆண்டே அதன் இளைஞர்கள் இலங்கைக்கும் வந்தனர். இடையிடையே நின்றும் தொடர்ந்தும் 1998 வரை பணி செய்தனர். தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்ற பின், 1986 முதல் சுவீடன் நாடு அவற்றுக்குக் கட்டடமும் பயிற்சியும் தந்தது. கொட்டகலைக்கு அண்மையில் பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மனியின் உதவியால் எழுந்தது.

இவ்வாறு வந்தோருள் ஒருவரை நான் அணுகி அறிவேன். பெயர் கூறுவதை அவர் விரும்பமாட்டார். வட ஐரோப்பாவில் பட்டம் பெற்ற இருபத்து நான்கு வயதுப் பெண். கண்டிக்கு அண்மையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கப் பத்து மாதம் தங்கினார். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து, தபாற்கந்தோரில் கடிதம் சேர்த்து, சந்தையில் மரக்கறி வாங்கி, பின் என்னிடம் ஒரு மணி நேரம் தமிழ் கற்றுச் செல்வார். ‘பண்டிதர் ஐயா’ என்றே என்னை அழைப்பார். நானும் ‘பிள்ளை’ என்றே அழைக்கலானேன்.

அவர் சொல்லக் கேட்டு அவருடைய ஒரு நாளை இங்கு எழுதுகிறேன். விடியுமுன்னே பிரட்டுக்குச் செல்வோரின் காலடி ஓசை அவரை எழுப்பும். குளியல் பீலியில். மலைநீரின் குளிர் தம் நாட்டுக் குளிருக்கு இளைத்ததன்று என்பார். காலை உணவு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். அடுத்த காம்பராவிலிருந்து ஒரு தாய் கொண்டுவந்து ஸ்தோப்பில் வைத்துவிட்டு, நன்றி கூறுமுன் கொழுந்தெடுக்க ஓடிவிடுவாள். பாடசாலைக்கு ஒற்றையடிப் பாதை. மழைக்காலத்தில் அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு நடக்கப் பழகினார். ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகள். நடுவில் தட்டி இல்லை. இவர் ஆங்கிலம் சொல்லும்போது அப்பால் வாய்பாடு முழங்கும். இவருடைய பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே ஒப்பிப்பர். பிற்பகலில் பிள்ளைக்காம்பராவில் விடப்பட்ட தம்பி தங்கையரை அழைத்துக்கொண்டு மூத்த பெண்கள் வீடு திரும்பும் வரை அவர்களுடன் விளையாட்டு. இரவில் விளக்கடியில் தமிழ் எழுத்து.

வந்த முதல் மாதமே அவர் ஒன்றைக் கவனித்தார். மழை பெய்த மறுநாளில் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. காரணம் கேட்டால், ‘சுகமில்லை’ என்பதே மறுமொழி. இத்தனை பேருக்கும் ஒரே நாளில் சுகவீனம் வருமா? நான் கற்பித்த தமிழைத் துணைக்கொண்டு ஒரு தாயிடம், “உங்கள் மகள் நேற்று ஏன் பாடசாலைக்கு வருகை தரவில்லை?” என்று கேட்டாராம். அத்தாய் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அரசாங்கத்து உத்தியோகத்தர் விசாரணைக்கு வந்துவிட்டார் என்ற அச்சம்! “சுகமில்லீங்க” என்று கூறி உள்ளே போய்விட்டாள்.

இதைக் கேட்ட நான் சிரித்தேன். பின், இலக்கணத் தமிழை ஒருபுறம் வைத்துவிட்டு அத்தோட்டத்துப் பேச்சு வழக்கையும் அவர் கற்க வேண்டும் என்றேன். ஆசிரியர் நான் அல்லேன் என்றும் சொன்னேன். அதற்கு ஆசிரியர்கள் அப்பிள்ளைகளே. இரண்டு மாதத்தில் அவர் நாவில் மலைநாட்டுத் தமிழ் அமர்ந்தது. மீண்டும் ஒரு மழைக்கு மறுநாள், அதே தாயிடம், அடுப்பருகே அமர்ந்து, “புள்ள ஏன் நேத்து வரல?” என்று கேட்டார். இம்முறை உண்மை வந்தது: “சப்பாத்து காயலீங்க டீச்சர்.”

ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து. நனைந்தால் மாற்றில்லை. சப்பாத்தில்லாமல் போனால் வாயிலில் நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம், அவ்வளவுதான் காரணம். இவர் தலைமையாசிரியரிடம் கூறினார். அவர் நல்லவர். மழைக்காலத்தில் எக்காலணியுடனும், காலணியின்றியும் வரலாம் என்று அன்றே பெற்றோர்க்கு அறிவித்தார். அதன்பின் மழைநாள்களிலும் மண்டபம் நிறைந்தது. பணம் ஒரு சதமும் செலவாகவில்லை. அயல்நாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்திருந்தாலும் நிறையாத அந்த வாங்குகள், நான்கு சொல் கொண்ட ஒரு கேள்வியை உரிய தமிழில் கேட்கத் தெரிந்ததால் நிறைந்தன.

தொண்டின் மறுபக்கம்

நிற்க. மறுபக்கத்தையும் கூறாவிடின் இக்கட்டுரை முகத்துதியாய் முடியும். இந்நாளில் பெருந்தொகை செலுத்தி இரண்டு வாரத்திற்கும் மூன்று வாரத்திற்கும் தொண்டு செய்ய வருவோர் பெருகியுள்ளனர். விடுமுறையோடு சேர்ந்த தொண்டு. யானையும் பார்க்கலாம், ஏழைப் பிள்ளையும் பார்க்கலாம். அவ்விளைஞர்களின் உள்ளத்தில் குற்றமில்லை. அவர்களைத் திரட்டி அனுப்பும் வாணிகத்திலேதான் குற்றம் உள்ளது.

நான் அறிந்த ஒரு சிற்றூரில் இத்தகைய குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு குழுவும் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்திலிருந்தே தொடங்கியது. முன் வந்தோர் எதுவரை கற்பித்தனர் என்று பின் வந்தோர்க்குச் சொல்வார் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதே பாட்டை அதே ஆட்டத்தோடு எத்தனையோ முறை கற்றனர். ஒரு சிறுவனை நோக்கி, “இதுதான் உனக்குத் தெரியுமே, அப்பா! தெரியும் என்று சொல்லலாமே?” என்றேன். அவன் குரலைத் தாழ்த்தி, “தெரியும்னு சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும் சேர்” என்றான்.

எண்ணிப் பாருங்கள், அங்கே யார் யாருக்குத் தொண்டு செய்தார்? விருந்தினர் மனம் நோகாதிருக்கத் தன் அறிவை ஒளித்துக்கொண்ட அந்தப் பத்து வயதுச் சிறுவனே அவ்வறையில் இருந்த தொண்டன்.

அநாதைப் பிள்ளைகள் இல்லங்களில் நிகழ்வது இதனினும் வேதனைக்குரியது. அணைத்து விளையாடியவர் இரு வாரத்தில் மறைந்துவிட, அடுத்த மாதம் வேறொருவர் அணைக்க வருகிறார். பிரிவை மீண்டும் மீண்டும் அனுபவிக்கும் குழந்தையின் உள்ளம் என்னவாகும்? பெற்றோர் உள்ள பிள்ளைகளும் வருவாய்க்காக இல்லங்களில் அடைக்கப்படும் தீமை பல நாடுகளில் வெளிப்பட்டுள்ளது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2019ஆம் ஆண்டு டிசம்பரில் குழந்தை உரிமை பற்றி நிறைவேற்றிய தீர்மானம், இல்லங்களில் நிகழும் இத்தகைய தொண்டுப் பயணங்களால் விளையும் தீங்கையும் சுட்டியுள்ளது. அன்பு உண்மையாயினும் அதன் முறை தவறினால் துன்பமே விளையும்.

எஞ்சுவது யாது?

முற்கூறிய பெண்ணின் கதையில் இன்னும் ஒன்று உண்டு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு லயத்தில் வீட்டோடு இருந்த ஒரு தோட்டத்துப் பெண்ணை அவர் நாள்தோறும் வகுப்புக்கு அழைத்துச் சென்றார். முதலில் அப்பெண் பின்வாங்கில் அமர்ந்து பார்த்தாள். பிறகு இருவரும் சேர்ந்து கற்பித்தனர். கடைசி இரு மாதங்களில் அப்பெண் கற்பிக்க, அயல்நாட்டார் பின்வாங்கில் அமர்ந்தார். விடைபெறும் நாளில் பிள்ளைகள் அழுதனர். ஆயினும் மறுநாள் பாடம் நின்றுவிடவில்லை. அத்தோட்டத்துப் பெண் பின்னர்க் கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகி, பயிற்சி முடித்து, இன்று மலைநாட்டுப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக விளங்குகிறாள். பத்து மாதத் தொண்டில் எஞ்சியது அதுவே, அது சிறிதன்று.

தொண்டருக்கு வேண்டிய இயல்புகள் மூன்று என்பது இவற்றால் பெறப்படும். காலம் கொடுத்தல், மொழி கற்றல், தம் இடத்தை அவ்வூராரிடமே ஒப்படைத்து விலகுதல். முதலது இல்லாவிடில் தொண்டு காட்சியாகும். இரண்டாவது இல்லாவிடில் கட்டளையாகும். மூன்றாவது இல்லாவிடில் ஆட்சியாகும். வாழ்நாள் முழுதும் தங்கிய ஓக்லி போன்றோராலும் மூன்றாவதை எய்துதல் எளிதன்று. பத்தே மாதம் தங்கிய ஒரு பெண்ணுக்கு அது கைகூடியது என்றால், காலத்தின் நீளமட்டும் போதாது என்பதும் விளங்கும்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்டி நகரின் பெரிய பாடசாலைகளிலிருந்து அந்தானைத் தோட்டம் மூன்று கல் தொலைவு. இங்கே ஒரு பாடத்திற்கு இரண்டு தனிவகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் ஆசிரியர் வருவாரா என்று காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வட ஐரோப்பாவிலிருந்து ஒரு பெண் ஆறு மாதம் முயன்று கற்ற மொழியை நாம் தாய்ப்பாலோடு உண்டிருக்கிறோம். அவருக்கு வேண்டிய கப்பற்செலவும் அனுமதிச் சீட்டும் நமக்கு வேண்டுவதில்லை. சனிக்கிழமை காலையில் அந்த மலைக்கு ஏறும் பஸ் வண்டியில் இடம் இருக்கிறது. பரீட்சை முடிந்து வீட்டிலிருக்கும் மாணவர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஓராண்டுக்கு அந்த ஒரு நாளைக் கொடுக்க முன்வருவார்களாயின், கணிதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் அப்பிள்ளைகள் அடுத்த தவணைக்குள் அதன் பாதியையாவது கடந்துவிடுவார்கள்.